தேவநேசம் மாமாவின் கணக்கில் வராத இரண்டு வருஷங்கள்

போன வியாழக்கிழமை சாயங்காலம் பீட்டர் செம்பூர் ஸ்டேஷன் பக்கமிருந்து ஓடி வந்து, "தேவநேசம் மாமா செத்துட்டாருடா" என்றான். நான் சிரித்தேன். "சரி, அடுத்த பொய்?" என்றும் கேட்டேன். திலக் நகரில் யார் புளுகுவதானாலும் என்னிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

"மஜாக் இல்லடா. பிளாட்பாரத்துல. அத்தை பக்கத்துலயே உக்காந்திருக்காங்க" என்று சொல்லி பீட்டர் அழுதான். பீட்டருக்கு நடிக்க வராது. அதற்குப் பிறகுதான் என் வாய் மூடியது. இன்னும் சரியாகத் திறக்கவில்லை.

நம் கையெழுத்துப் பத்திரிகையில் எனக்குக் கடைசிப் பக்கம்தான் கொடுப்பார்கள், துணுக்கு எழுத. இந்த முறை முதல் பக்கத்தைக் கொடுத்து மாமாவைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டார்கள். மாமா முறுக்கிய காதுகளில் அதிகம் சிவந்தது என் காது என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது.

மாமா ஃபோர்ட் பக்கம் ஒரு சர்க்கார் ஆபீசில் கிளார்க். கிரேஸ் அத்தை சயானில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ராத்திரி நர்ஸ். மகள் பிறந்தபோது வீட்டில் எந்நேரமும் ஒருவர் இருக்க வேண்டுமென்று அத்தை ராத்திரி வேலைக்கு மாறினாராம். மகளைக் கட்டிக்கொடுத்து முலுண்டுக்கு அனுப்பிய பிறகும் ஆஸ்பத்திரியில் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை. காலையில் அத்தை செம்பூரில் இறங்கும்போது மாமா ஏறுவார். சாயங்காலம் மாமா இறங்கும்போது அத்தை ஏறுவார். இரண்டு வண்டிக்கும் நடுவே கிடைக்கிற நேரம்தான் அவர்கள் குடித்தனம். வண்டி லேட்டானால் குடித்தனமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்கு லீவு, அத்தைக்குத் தூக்கம்.

"எல்லாருக்கும் வாழ்க்கைத்துணை மாமா, உங்களுக்கு மட்டும் வழித்துணை" என்று ஒரு நாள் பிளாட்பாரத்திலேயே சொன்னேன். அத்தை முறைத்தார். மாமா சிரித்தார்.

"சிரிலே, சிரி. முப்பது வருஷ சர்வீஸ் முடியட்டும். மறுநாள் காலையில நான் வீட்டுல இருப்பேன். உங்க அத்தை வந்து கதவத் தட்டுவா. நான் தொறப்பேன். எனக்கு அது போதும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். முப்பது வருஷம் முடித்தவர்கள் ஓய்வு வயது வரும்வரை காத்திருக்காமல் பென்ஷனோடு வெளியே வரலாம் என்று ஆபீசில் ஒரு வழி இருந்தது. மாமா அதைப் பிடித்துக்கொண்டு நாளை ஓட்டினார்.

ஓய்வு வயதை ஐம்பத்தைந்திலிருந்து ஐம்பத்தெட்டாக்கினார்களே, அந்த வாரம் ஞாபகம் இருக்கிறதா? நம் காலனியில் கிளார்க் மாமாக்கள் எல்லாரும் பேடா வாங்கிக் கொடுத்தார்கள். மூன்று வருஷச் சம்பளம் கூட! தேவநேசம் மாமா மட்டும் கையில் கொடுத்த பேடாவை என்னிடம் நீட்டி, "நீ தின்னுலே. எனக்கு இது துஷ்டி வீட்டுப் பலகாரம் மாதிரி இருக்கு" என்றார், சாவு விழுந்த வீட்டில் நிற்பவர் போல. மற்றவர்களுக்கு எப்படியாவது உள்ளே இருக்க வேண்டும். அவருக்கு எப்படியாவது வெளியே வர வேண்டும்.

அதன் பிறகுதான் அந்த வயது விவகாரம் வெடித்தது. நம் மாமாக்களில் முக்கால்வாசிப் பேருக்கும் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில்தான் பிறந்தநாள். பையனைச் சேர்க்கப் போன தாத்தாக்கள் வயதைக் குறைத்துச் சொல்லுவார்கள், வாத்தியாரும் எழுதிக்கொள்ளுவார். பின்னால் சர்க்கார் வேலை கிடைத்தால் இரண்டு வருஷம் கூடச் சம்பளம் வாங்கலாம் என்ற முன்யோசனை. மாமாவின் அப்பாவும் அப்படியே இரண்டு வயதைக் குறைத்தார். பையன் முன்னதாக வெளியே வர ஆசைப்படுவான் என்று அந்த மனிதர் எப்படிக் கண்டார்?

குறிப்பிட்ட வயது நிரம்புவதற்கு முன் பார்த்த வேலை பென்ஷனுக்குச் சேராது என்று ஒரு விதி. நிஜ வயதுப்படி மாமா அதைத் தாண்டித்தான் வேலையில் சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் எழுதிய வயதுப்படி இரண்டு வருஷம் குறைந்தது. முப்பது வருஷம் முடிந்தது என்று மாமா போய் நின்றபோது, முதல் இரண்டு வருஷம் கணக்கில் வராது, இன்னும் இரண்டு வருஷம் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பாதியில் ராஜினாமா செய்தால் பென்ஷன் மொத்தமும் போய்விடும்.

"ஓய்வூதியம்னா, ஓய்வை ஊதித் தள்ளிட்டாங்கன்னு அர்த்தமா மாமா?" என்று கேட்டேன். மாமா என் காதைப் பிடிக்கவில்லை. காது முறுக்காத மாமாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

இன்னொரு வழியும் இருந்தது. மெடிக்கல் போர்டு முன்னால் போய், இனி வேலைக்கு உடம்பு லாயக்கில்லை என்று டாக்டர்கள் சொன்னால் அப்போதே வந்துவிடலாம். பென்ஷன் குறையும். மாமா குறைந்த பென்ஷனுக்கும் தயார். நான் உடனே களத்தில் இறங்கினேன். பீட்டர் வீட்டு மாடிப்படியில் மாமாவுக்கு ஒத்திகை: நாலு படி ஏறி நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கண்ணைச் செருக வேண்டும்.

"இருமலைக் கொஞ்சம் அடியிலேருந்து கொண்டு வாங்க மாமா. பாத்ரூம்ல பாடுற மாதிரி இருமக் கூடாது."

மாமா இரண்டு தரம் இருமிப் பார்த்தார். பிறகு படியிலேயே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"வேண்டாம்லே. பொய் வயசு ஒண்ணைச் சொமக்கதே போதும். அது மேல பொய் நோவும் ஏத்த என்னால முடியாது. ரெண்டு வருஷந்தானே, ஓடிரும்."

ஓடத்தான் செய்தது. அடுத்த மாதம் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. வாசல் கதவுக்கு மாமா புது வர்ணம்கூட அடித்துவிட்டார்.

வியாழக்கிழமை நடந்ததை அத்தை சொல்லித்தான் தெரியும். மாமா வண்டியிலிருந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வழக்கம்போல வேகமாக வந்தாராம். "செத்த உக்காருதேன் கிரேஸு" என்று பெஞ்சில் உட்கார்ந்தாராம். அத்தை பேச்சுக் கொடுத்துக்கொண்டே மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்திருக்கிறார். நாடி நின்றது அத்தையின் விரலுக்கடியில்தான். அத்தை ஏற வேண்டிய வண்டி வந்து, நின்று, போய்விட்டது.

கல்லறைத் தோட்டத்தில் சிலுவையில் பெயர் எழுதுகிறவர் வயது கேட்டார். அத்தை வாய் திறப்பதற்குள் மாமாவோடு ஆபீசில் வேலை பார்க்கும் மாட்டுங்கா ராமநாதன் சார் குறுக்கே வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அழுது கண் வீங்கியிருந்தது.

"ஐம்பதுன்னே எழுதிடுங்கோ. சர்வீஸ் புக்ல அதான் இருக்கு. எல்லாம் ஒண்ணா இருக்கட்டும்மா. இங்கே ஒரு வயசு, ஆபீஸ்ல ஒரு வயசுன்னு எவனாவது கிளப்பினா, உங்களுக்கு வர வேண்டிய ஃபேமிலி பென்ஷனை நிறுத்தி வெச்சுடுவா."

"குழிக்குள்ளயும் ஆபீஸ் கணக்குத்தானா சார்?" என்றார் அத்தை.

ராமநாதன் சார் தலையைக் குனிந்துகொண்டார். சுற்றி நின்ற நம் மாமாக்கள் எல்லாரும் அப்படி இரண்டு வயது குறைக்கப்பட்டவர்கள். பிறகு அத்தையே, "எழுதுங்க" என்றார். மாமா இரண்டு வயது குறைந்தே மண்ணுக்குள் போனார்.

நேற்று மத்தியானம் அத்தையைப் பார்க்கப் போனேன். எத்தனையோ நாள் கழித்து அத்தை பகலில் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அத்தையே பேச ஆரம்பித்தார்.

"அவிய வேலைக்குச் சேந்த புதுசுல எனக்கு டிரெய்னிங். ராத்திரி டூட்டி அவ்வளவா கெடையாது. சாயங்காலம் மாட்டுங்கா தோட்டத்துல இருட்டுற வரைக்கும் பேசுவோம். ஞாயித்துக்கிழமைன்னா தாதர் கடற்கரை. அவிய மொகத்த நான் நல்ல வெளிச்சத்துல ஆசை தீரப் பாத்தது அந்த ரெண்டு வருஷந்தாம்லே. அதத்தான் கணக்குல வராதுன்னு சொல்லிட்டாவ."

நான் வெளியே வந்து மாடிப்படியில் நின்றேன்.

மாமாவின் பென்ஷன் அத்தைக்கு வரும், ராமநாதன் சார் அலைந்து வாங்கித் தந்துவிடுவார். மாமாவிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த இரண்டு வருஷங்களை. அவருடைய அப்பா மறைத்தார், ஆபீஸ் கழித்தது, சிலுவையிலும் அவற்றுக்கு இடமில்லை. இனி யார் என்னிடம் கேட்டாலும், தேவநேசம் மாமா போனபோது வயது ஐம்பத்திரண்டு என்றுதான் சொல்வேன்.