சாயம் தாண்டாத தட்டு

'சிடுமூஞ்சி' என்ற பேரை நான் முதலில் கேட்டது என் நாத்தனார் வாயால். அவள் என் வீட்டுக்காரருக்குக் கடைசித் தங்கை. நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு முன்பல் விழுந்த வயது. அவள் மகன் யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் முடித்துக்கொண்டு வந்து நின்ற மறுநாள் போன் செய்தாள்.

"அண்ணி, வந்திருக்கிறவளுக்கு வேலை பார்க்கிற இடத்துலயே சிடுமூஞ்சின்னுதான் பேராம். அவளே சிரிச்சுக்கிட்டுச் சொல்றா. சிரிக்கிறப்பவும் மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். நாத்தனார் மிகைப்படுத்தவில்லை. எனக்கும் அவளைப் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்காது.

ஆராய்ச்சிக் கூடத்தில் எலிக்குஞ்சின் மூளையிலிருந்து எடுத்த செல்களைச் சின்னத் தட்டுகளில் வளர்ப்பது அவள் வேலை. நரம்புச் செல்கள் அல்ல, அவற்றுக்குப் பக்கத்தில் இருந்து தீனி கொடுத்துக் கழிவை வாங்கிக்கொள்கிற துணைச் செல்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை பழைய திரவத்தை உறிஞ்சி எடுத்துப் புதியதை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் ஓடுவாள். ஒன்பது வருடமாக இதே வேலை, அதுவும் தற்காலிகமாக. நாத்தனார் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "தற்காலிகம் வந்தாச்சா?" என்றுதான் சுவரைப் பார்த்துக் கேட்பாள்.

அவள் வந்த ஆறாவது வருஷம், கண் ஆபரேஷனுக்காக இரண்டு மாதம் அந்த வீட்டில் தங்கினேன். மாமியாருக்கும் மருமகளுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. உப்பு வேண்டுமென்றாலும் நடுவில் நான்தான். ஒருநாள் அடுப்படியில் அவளிடம், அந்தத் தட்டில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

"பக்கத்துப் பக்கத்துச் செல்லுக்கு நடுவுல குட்டித் துளை இருக்கு அத்தை. அது வழியாச் சேதியும் சாமானும் கை மாறும். ஒண்ணுல ஊசியால சாயம் விட்டா, அஞ்சு நிமிஷத்துல பத்து வீடு தாண்டிடும். எண்ணெயில கொழுப்பு அமிலம்னு ஒண்ணு இருக்கு. அதைத் தனியா எடுத்து விட்டா துளை மூடிக்குது. சாயம் விட்ட வீட்டுலயே நிக்குது."

"செத்துப்போயிடுமோ?"

"எங்க சாகுது? உங்க நாத்தனார் மாதிரிதான். நல்லாத் தின்னுக்கிட்டு உயிரோட இருக்கும், பேசாது."

உள்ளறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அந்த மாதம்தான் அவள் வேலை நிரந்தரமாவதாக இருந்தது. கூடத்தின் தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். கண் ஆஸ்பத்திரி அதே தெருவில் இருந்ததால், மருந்து விட்டுக்கொண்டு அவள் வேலை முடியும்வரை கூடத்தின் வாசலோரம் ஒரு இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தேன். தலைவர் அந்த அமிலச் சோதனையைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்துக்கொண்டிருந்தார். அவளுடைய நிரந்தரக் காகிதம் மேசையில் இருந்தது. தலை நிமிராமலே கேட்டார்.

"அமிலம் விடாத தட்டுலயும் ஆல்கஹால் விட்டேதானே?"

அந்த அமிலம் தண்ணீரில் கரையாதாம். ஆல்கஹாலில் கரைத்துத்தான் விடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற தட்டில் வெறும் ஆல்கஹாலை அதே அளவு விட வேண்டும். இல்லாவிட்டால் துளையை மூடியது எது என்று சொல்ல முடியாது.

"இல்ல சார். ஒன்றரை வருஷமா விடல."

"விட்டதா நோட்டுல எழுதியிருக்கே!"

"எழுதினேன். விடல. ஆல்கஹால் விழுற இடத்துல செல்லு சுருங்குது. அதைப் பார்த்துட்டு, தட்டா இது, குப்பைத்தொட்டியான்னு எல்லார் முன்னாலயும் கேட்டீங்க. அன்னையிலேர்ந்து நிறுத்திட்டேன்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இதுல கையெழுத்துப் போட்டிருப்பேன். தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு இப்ப வாயைத் திறந்தே?"

"நாளைக்கு வேற எவனாவது செஞ்சு பார்த்து முடிவு மாறி வந்தா, உங்களைச் சொல்லமாட்டான். செல்லு வளர்த்தவளுக்கு வேலை தெரியலம்பான். என் தட்டை எவனும் குறை சொல்லக்கூடாது."

மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. அவர் பன்னிரண்டு நாள் கெடு கொடுத்தார். எல்லாவற்றையும் புதிதாக, சரியாகச் செய்தாள். வெறும் ஆல்கஹால் விட்ட தட்டில் சாயம் பத்து வீடு தாண்டியது. அமிலம் விட்டதில் விட்ட இடத்திலேயே நின்றது. ஆக, பழைய முடிவே சரி. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது.

"முடிவு சரி, நோட்டு பொய்," என்றார் தலைவர். "பொய் எழுதுன கை இங்க வேண்டாம்."

"அந்தக் கை வளர்த்த தட்டு மட்டும் வேணுமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, வெள்ளைக் கோட்டைக் கழற்றி அவர் மேசைமேல் போட்டாள்.

வீட்டில் நாத்தனார் நேருக்கு நேராகவே பேசினாள். "பொய் எழுதினவளுக்கு அதைக் காப்பாத்தத் துப்பில்லையா?"

"உங்க வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாச்சு. இன்னும் கத்துக்கலை," என்றாள் இவள்.

எனக்கும் பொறுக்கவில்லை. "ஏன்டி, ஒரு 'ஆமா' சொன்னா உன் நாக்கு அழுகிடுமா?" என்றேன்.

"மருந்து விடுற நேரம். அண்ணாந்து பாருங்க," என்று என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் மூன்று சொட்டு விட்டாள். எரிந்தது.

இப்போது அவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை வேலை பார்க்கிறாள். குடியிருப்பது நாத்தனார் வீட்டு மாடி அறையில், புருஷனோடு, தனி அடுப்பு வைத்துக்கொண்டு.