பட்டியலில் நான் சேர்க்காத வரி

போன வருடம் ஆறு வாரம் ஜெர்மனியில் இருந்தேன். விமானச் சீட்டு, விசா, காப்புறுதி, தங்குமிடம் எல்லாவற்றையும் நடத்துபவர்களே பார்த்துக்கொண்ட இளைஞர் பரிமாற்றத் திட்டம் அது. என்னைத்தான் தெரிவு செய்தார்கள் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் தெரிவானவள் அடுத்த லயத்து, அதாவது அடுத்த வரிசை வீடுகளில் இருக்கும் அக்கா. நான் காத்திருப்போர் பட்டியலில் முதலாவது.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள், எங்கள் முன்பள்ளியின் ஆசிரியை. நான் அட்டனில் கணினி டிப்ளோமா முடித்தவள் என்பதால் இருவரின் விண்ணப்பங்களையும் நானே நிரப்பினேன். அவளுடைய போன் பழுதாகிக் கிடந்தது. அதனால் அவளுக்கும் என் மின்னஞ்சலையே கொடுத்தோம்.

அவள் தெரிவான செய்தி அப்படித்தான் எனக்கு வந்தது. மறுநாள் மாலைக்குள் பதில் அனுப்ப வேண்டும். அந்த வாரம்தான் அவளுடைய அம்மா கொழுந்து எடுக்கும்போது வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார்.

எதையும் இலக்கமிட்டு எழுதிக்கொள்வது என் பழக்கம். அக்கா போவதற்கு என்னென்ன வேண்டும் என்று அன்றும் எழுதினேன். கடவுச்சீட்டு, பொலிஸ் சான்றிதழ், கொழும்புக்கு இரண்டு பயணம், ஆறு வார லீவு என்று எட்டு விஷயங்கள். மின்னஞ்சலின் கடைசி வரியை மட்டும் எழுதவில்லை. இம்முறை வர முடியாதவர்கள் காரணம் தெரிவித்தால் அடுத்த குழுவில் சேரலாம் என்றது அந்த வரி. மறந்துவிட்டேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். நான் அப்படி மறக்கிற ஆள் இல்லை.

அக்காவைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். அவளுடைய அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே செய்தியைச் சொல்லி, எட்டையும் வாசித்தேன். "அம்மாவ யாரு பாக்குறது அக்கா?" என்றும் கேட்டேன்.

"போயிட்டு வா புள்ள. நான் தவழ்ந்தாவது சமைச்சுக்குவேன்" என்றார் அம்மா.

"நீங்க தவழ்ந்தா லயமே வேடிக்கை பாக்க வந்துரும். சும்மா படுங்கம்மா" என்று அக்கா சிரித்தாள். பிறகு என்னிடம், "நீ போ. ரெண்டு பேருல ஒருத்தியாவது போகட்டும்" என்றாள்.

காரணம் எதுவும் எழுதாமல், அவள் வரவில்லை என்று மட்டும் அன்றே அனுப்பினேன். இரண்டு நாளில் அந்த இடம் எனக்கு வந்தது.

போன வாரம் அதே திட்டத்தின் புதிய அறிவித்தலை எடுத்துக்கொண்டு அக்கா வந்தாள். "இந்தத் தடவ போட்டுக் குடு. அம்மா இப்ப மலையில ஓடுறாங்க."

வயதெல்லையைப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவள் அதைத் தாண்டியிருந்தாள். அதைச் சொன்னேன். அதோடு நிறுத்த முடியவில்லை. பழைய மின்னஞ்சலைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"தெரிஞ்சேதான் சொல்லாம விட்டேன் அக்கா."

அவள் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

"'என் காலாலதான புள்ள போகல'ன்னு எங்கம்மா இன்னமும் அழுவுறாங்க" என்றாள். "எங்கிட்ட சொன்னத அவங்ககிட்டயும் வந்து சொல்லு."

அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.