அண்ணியின் சிவப்பு அம்புகள்

என் அண்ணிக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. பதினெட்டு வருஷமாக ஒரே மேஜை, ஒரே ட்யூப்லைட். தைத்து முடித்து, இஸ்திரிக்குப் போவதற்கு முன்னால் ஒவ்வொரு சட்டையும் அவள் கைக்கு வரும். காலரைப் புரட்டுவாள், கைமடிப்பை இழுத்துப் பார்ப்பாள், பொத்தானைத் திருகுவாள். எங்காவது தையல் விட்டிருந்தால், கறை பட்டிருந்தால், அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். வாயைத் திறக்கவே வேண்டாம். கம்பெனியில் அவளுக்குப் பெயரே அம்பு.

அதைக் கம்பெனியோடு விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதுகிறேன்? அவள் கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் தாள் இருக்கும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தில் ஒரு அம்பு. அணைக்காமல் விட்ட பாத்ரூம் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு. என் தலையணை உறையின் எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டி ஒன்று. ஒருமுறை காய்ச்சலை மறைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். செருப்பு மாட்டுவதற்குள் என் நெற்றியில் ஒன்றை ஒட்டி, கையைப் பிடித்து இழுத்துவந்து கட்டிலில் உட்காரவைத்தாள். கல்யாணமே வேண்டாம் என்று அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்ட நாத்தனார் நான். எனக்கு அவளோடு சண்டை போட நிறைய நேரம் இருந்தது, போட்டேன்.

பிறவியிலேயே சந்தேகப்பிராணி என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று அண்ணன் ஒருநாள் சொன்னான். தையல் மெஷினில் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டும் கிடைக்கிறவரை அந்த மெஷின் ஓடக் கூடாது. கிடைத்த துண்டுகளைத் தாளில் வைத்துச் சேர்த்துப் பார்த்து, முழு ஊசி என்று காட்ட வேண்டும். அண்ணி வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாரோ அவசரத்தில் முனை கிடைக்காமலே மெஷினை ஓட்டிவிட்டார்கள். அந்த மெஷினில் தைத்த குழந்தைச் சட்டை அண்ணியின் மேஜைக்கு வந்தது. வெளிப்பக்கம் பளிச்சென்று இருந்தது, அனுப்பிவிட்டாள். கழுத்துப்பட்டிக்குள் இருந்த முனை எங்கேயோ ஒரு குழந்தையைக் குத்தி, புகார் வந்தது. அண்ணிக்கு வேலை போகவில்லை, தூக்கம்தான் போனது. "நல்லா இருக்குன்னு தோணுதா? அப்போ இன்னொரு தடவை பாரு" என்பதை அன்று பிடித்துக்கொண்டாள், இன்றுவரை விடவில்லை.

இப்போது சிங்க்குக்கு வருகிறேன்.

எங்கள் சமையலறை சிங்க் ஒரே மாதத்தில் மூன்று முறை அடைத்துக்கொண்டது. பிளம்பரைக் கூப்பிடும் பேச்சுக்கே இடமில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பிளம்பர் வந்து சரிசெய்துவிட்டுப் போன மூன்றாம் நாளே மறுபடி அடைத்தது. அண்ணியே கழற்றிப் பார்த்தாள். உள்ளே கைக்குட்டை அளவு துணி. அவர் மறந்து விட்டதா, மறுபடி கூப்பிடட்டும் என்று விட்டதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். "வேணும்னுதான் வச்சிட்டுப் போயிருக்கான்" என்றாள் அண்ணி. அன்றோடு எங்கள் வாசல் பிளம்பர் ஜாதிக்கே மூடிக்கொண்டது.

முதல் முறை, கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்றினாள், தண்ணீர் இறங்கியது. இரண்டாம் முறை இறங்கவில்லை. கட்டையின் முனையில் ரப்பர் கிண்ணம் வைத்த சாமானை வாங்கிவந்தாள். நான் அமுக்கு அமுக்கென்று அமுக்கியும் ஒன்றும் நடக்கவில்லை.

"சிங்க் மேல்விளிம்புல ஒரு ஓட்டை இருக்கே, கண்ணு தெரியலையா? நீ அமுக்குற காத்தெல்லாம் அது வழியா போகுது. ஈரத்துணியை வச்சு அடை."

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற என்னைப் பார்த்து இந்தக் கேள்வி. அடைத்தேன், அமுக்கினேன், மடமடவென்று இறங்கியது. மூன்றாம் முறை சமையல் சோடாவைக் கொட்டி, மேலே வினிகரை ஊற்றி, அது பொங்கி அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இறங்கியது. ஆனால் அவள் முகம் தெளியவில்லை.

"இது போகலை. உள்ளே கொஞ்சம் தள்ளிப் போய் உக்காந்திருக்கு. யாரோ தினமும் எதையோ கொட்டுறாங்க."

யாரோ என்றால் யார்? வீட்டில் நாங்கள் மூன்று பேர். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் நிற்கிற அண்ணன், அண்ணி, நான். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. அண்ணன்மேல் சந்தேகம் வர வழியே இல்லை. அவன் நாலு மணிக்கே வீடு திரும்பிவிடுவான். தன் சாப்பாட்டு டப்பாவைத் தானே கழுவி, துடைத்து, மேடையில் கவிழ்த்து வைத்துவிடுவான். "எந்த வீட்டு ஆம்பளை இப்படிச் செய்றான்?" என்று அண்ணி கம்பெனி முழுக்கப் பெருமையடித்திருந்தாள். மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டேன் என்று சொல்லி, ராத்திரி பாலில் பிஸ்கெட்டை ஊறவைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். இளைத்துவிட்டாயே என்றால், நடக்கிறேன் என்பான். எனக்கும் அண்ணனா சிங்க்கா என்று கேட்டால் சிங்க் பற்றித்தான் அப்போது கவலை. இதை வெட்கப்பட்டுத்தான் எழுதுகிறேன்.

முதல் அம்பு என்மேல் பாய்ந்தது. "தலைமுடியை இங்க கழுவுறியா?" என்றாள். நான் கத்திய கத்தலில் அதை வாபஸ் வாங்கிக்கொண்டாள். அடுத்து சிங்க் ஓட்டையில் ஒரு சல்லடையைப் பொருத்தி, அதன் விளிம்பில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்தாள். காலையில் கிளம்பும்போது புள்ளி குழாயைப் பார்த்து இருக்கும். ஆறரைக்கு நாங்கள் வந்தால் ஜன்னலைப் பார்த்து இருக்கும். அண்ணனை விட்டுவிட்டால், எங்கள் இருவருக்கும் முன்னால் அங்கே கைவைப்பது பாத்திரக்கார அக்காதான். குப்பைக்கூடையையும் ஒரு வாரம் கிளறிப் பார்த்தாள். மிச்சச் சோறு ஒரு பருக்கை இல்லை. அப்படியென்றால் எல்லாம் சிங்க்கில்தான் போகிறது என்று முடிவு கட்டினாள். அக்காவின் சோப்புக் கிண்ணத்தில் ஒரு சிவப்பு அம்பு ஏறியது.

சனிக்கிழமை சாயங்காலம் நாலாவது தடவையாகத் தண்ணீர் நின்றது. அண்ணி குரலை உயர்த்தவே இல்லை.

"அக்கா, நாளைக்குக் காலையில கீழே கழட்டிப் பாக்கப்போறேன். நீங்க கொட்டினது உள்ள இருந்துச்சுன்னா, நாளையோட நின்னுக்குங்க."

ஆறு வருஷமாக வருகிறவள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அண்ணியை நேராகப் பார்த்தாள்.

"நான் ஒரு பருக்கை கொட்டினதில்லம்மா. இந்த வீட்டை விட்டுப் போறது கூடப் பரவால்ல. ஏன் நின்னேன்னு நாலு வீட்டுல கேப்பாங்கல்ல, அதுக்கு நான் என்ன சொல்றது? என் முன்னாடி கழட்டுங்க. எட்டு மணிக்கு வரேன்."

எனக்கு அண்ணிமேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ராத்திரி அண்ணனிடம் போய், நீயாவது சொல்லக் கூடாதா என்றேன். அவன் பால் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "பிளம்பரைக் கூப்பிட்டுடலாம். நான் கூட்டிட்டு வரேன்" என்றான். பிளம்பர் என்ற வார்த்தையை அந்த வீட்டில் சொல்லும் துணிச்சல் அவனுக்கு எப்போது வந்தது என்று எனக்கு அப்போதே உறுத்தியது.

ஞாயிறு எட்டு மணிக்கு அக்கா வந்தாள். பாத்திரத்தில் கைவைக்காமல் சமையலறைக் கதவோரம் நின்றாள். அண்ணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சிங்க்குக்கு அடியில் உட்கார்ந்தாள். வாளியை வைத்தாள். சிங்க்கின் அடியில் கழிவுநீர் போகும் வழியில் ஒரு பிளாஸ்டிக் குப்பி தொங்கும், கனமான எதுவும் முதலில் அதில்தான் தங்கும். அதன் மரையைத் துணி சுற்றித் திருகினாள். அண்ணன் பின்னால் வந்து நின்றான்.

"விடும்மா, நான் பாத்துக்கறேன். நீ எந்திரி. அழுக்கு."

"அழுக்குக்குத்தானே உக்காந்திருக்கேன்."

"நீங்கள்லாம் வெளிய போங்க, நான் செய்றேன்."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். சட்டையில் ஏதோ தட்டுப்படும்போது அவள் கண் எப்படிச் சுருங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் கை நிற்கவில்லை. குப்பி கழன்றது, கறுப்புத் தண்ணீர் வாளியில் கொட்டியது, நாற்றம் மூக்கைத் துளைத்தது. குப்பிக்குள் இருந்ததை விரலால் வழித்துப் பழைய செய்தித்தாளில் கொட்டினாள். அடுத்து, சுவருக்குள் போகும் குழாயில் கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தாள். கம்பியில் வந்ததையும் தாளில் வைத்தாள். உடைந்த ஊசியின் துண்டுகளைச் சேர்ப்பதுபோல ஒரு குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. முடி இல்லை. சோறு, பசையாகக் குழைந்த சோறு. அவித்த முட்டையின் துண்டுகள். வேர்க்கடலை. முழுசு முழுசாக, ஒரு பல்கூடப் படாத வேர்க்கடலை.

குச்சி அப்படியே நின்றது.

அவளும் நானும் கேன்டீனில் சாப்பிடுகிறவர்கள். காலை ஐந்து மணிக்கு எழுந்து அவள் கட்டுவது ஒரே ஒரு டப்பா. அண்ணனுக்குப் பிடிக்கும் என்று சோற்றுக்கு மேல் ஒரு கை வேர்க்கடலை தூவுவாள். ராத்திரிச் சமையலில் கடலை சேர்ப்பதே கிடையாது, எனக்கு ஆகாது.

அக்காதான் முதலில் பேசினாள். "என்னதில்லம்மா இது" என்றாள். ஜெயித்த குரல் இல்லை. அவளும் அண்ணனைத்தான் பார்த்தாள்.

"என்னங்க," என்றாள் அண்ணி. திரும்பவில்லை. "சாப்பாடு நல்லாயில்லையா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல."

"பின்ன? வெளிய சாப்பிடுறீங்களா? யாராவது கொண்டுவந்து தராங்களா?"

சந்தேகம் எங்கே போகிறது பாருங்கள். அந்த நிமிஷத்தில்கூட அவளுக்கு அதுதான் தோன்றியது. அதுவாக இருக்கட்டும் என்று அவள் ஆசைப்பட்டாளோ என்று இப்போது நினைக்கிறேன்.

அண்ணன் சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். கிட்டத்தில் பார்த்தேன். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை, ஆணியால் குத்தியது.

"இறங்க மாட்டேங்குது," என்றான். "ரெண்டு மாசமா. தண்ணி போகுது, பால் போகுது. கெட்டியா எது சாப்பிட்டாலும் நடுவுல நின்னுக்குது. அங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது, மிச்சம் வச்சா கேப்பாங்க. அதனால சாப்பாட்டு நேரத்துல வெளிய போயிடுவேன், டப்பாவைத் திறக்காமலே கொண்டுவந்துடுவேன். வீட்டுல யாரும் இல்லாதப்போ மெதுவா சாப்பிட்டுப் பாக்கலாம்னு. ரெண்டு வாய் வைப்பேன். முடியாது. குப்பையில போட்டா நீ கிளறுவே."

"அதனால சிங்க்ல."

"விரலால தள்ளித் தள்ளி விட்டேன். கழுவி வச்சேன்."

"டாக்டர்?"

அவன் என்னைப் பார்த்தான். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கடைசியில் ஸ்பூனில் கொடுத்த தண்ணீரும் வெளியே வந்ததை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். அவன் ஏன் போகவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

அண்ணி அழவில்லை. கையைக் கழுவப் போனாள், சிங்க்கின் அடியில் குப்பி இல்லை என்று நினைவு வந்து நின்றாள். வாளித் தண்ணீர் பட்ட கையோடு அப்படியே நின்றாள்.

"ரெண்டு மாசம்," என்றாள். "தினமும் அந்த டப்பாவை எடுத்துப் பாத்தேன். பளிச்சுனு இருந்துச்சு. இன்னொரு தடவை பாக்கலையே நான்."

அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் கையில் ஊற்றினாள். ஊற்றி முடித்துத் தன் புடவைத் தலைப்பை நீட்டினாள். அண்ணி அதில் துடைத்துக்கொண்டாள். பிறகு சோப்புக் கிண்ணத்தில் இருந்த சிவப்பு அம்பை நகத்தால் சுரண்டி எடுத்தாள். அது முழுசாக வரவில்லை, பாதி கிழிந்து ஒட்டிக்கொண்டது. விடாமல் சுரண்டினாள்.

"விடுங்கம்மா, நான் தேய்ச்சுக்கறேன்," என்றாள் அக்கா.

"நாளைக்கு வருவீங்கல்ல?"

"நாளைக்கா? இப்பவே இதையெல்லாம் யார் மாட்டுறது? நீங்க அவரைக் கூட்டிக்கிட்டுக் கிளம்புங்க."

அண்ணி கைப்பையை எடுத்துவந்து அண்ணன் முன்னால் மண்டியிட்டாள்.

"எந்த இடம்? சரியாச் சொல்லுங்க. டாக்டர் கேட்டா நீங்க முழுங்கிடுவீங்க."

அவன் அவள் கைப்பையில் இருந்து நீட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கர் தாளை இழுத்து, ஒன்றைப் பிய்த்து, தொண்டைக்குழிக்குச் சற்று மேலே தானே ஒட்டிக்கொண்டான். வியர்வையில் அது சரியாக ஒட்டவில்லை. அண்ணி கட்டைவிரலால் மெல்ல அழுத்திவிட்டாள்.

அக்கா குப்பியை வாளியில் அலசிக்கொண்டிருந்தாள். நான் வாஷரைத் தேடித் தரையெல்லாம் தடவினேன். செருப்பு மாட்டும்போது அண்ணனின் கை தொண்டைக்குப் போனது. தெருவில் நாலு பேர் பார்ப்பார்களே என்ற கூச்சம்.

"கை வைக்காதீங்க," என்றாள் அண்ணி. "சரியாகுற வரைக்கும் அதை எடுக்கக் கூடாது."