மூன்று ஓலையும் ஓரத்துக் குறிப்பும்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் தனியாக இருக்கிற வயது போனவர்களைக் கேட்டுப் பாருங்கள், கிறிஸ்துநாயகத்தைத் தெரியாது என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கவுன்சில் சாப்பாட்டு வான் ஓட்டுகிறவர் அவர்தான். பதினொன்றரைக்கு வான் வெளிக்கிட்டால் இரண்டு மணிக்குள் முப்பத்திரண்டு வீடுகளுக்குச் சாப்பாடு சூடு ஆறாமல் போய்ச் சேரவேண்டும். ஒரு நாளும் ஆறவிட்டதில்லை. குடியில்லை, சண்டையில்லை, ஞாயிறு பூசை தவறாது. முப்பத்தெட்டு வயதாகியும் கலியாணம் மட்டும் முடிக்கவில்லை. கேட்டால், "விசா சரிவரட்டும்" என்பார். குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் விசா சரிவந்து இரண்டு வருடமாகிவிட்டது. இப்போது யாரும் கேட்டால் எழும்பிப்போய்த் தேநீர் போடுவார்.

கடைசி வீடு மிஸிஸ் ரெனி. எண்பத்து நாலு வயது. லண்டனுக்கு வந்து அறுபது வருடமாகியும் ஸ்கொட்லாந்துப் பேச்சு நாக்கை விட்டுப் போகவில்லை. அந்த மனுசியின் இங்கிலீசு அக்கம்பக்கத்தாருக்குப் பாதிதான் விளங்கும். நம்மவரின் இங்கிலீசும் அப்படித்தான். அதனாலோ என்னவோ இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போனது.

1991 மாசியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், மனுசி சாப்பாட்டைத் தொடாமல் ஒரு கதை சொன்னார். அவருடைய தாயின் பாட்டி எல்ஸ்பெத், ஸ்கொட்லாந்தின் ஃபைஃப் கரையில் ஒரு மீன்பிடி ஊர்க்காரி. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது ஜேம்ஸ் என்கிறவன் கப்பலேறிப் போனான், திரும்பி வரவில்லை. அவனுடைய பெயரைச் சொன்னாலே அந்தக் குடும்பத்தில் காறித் துப்புவார்களாம்.

"தாலி கட்டிவிட்டுப் போனவனா, கட்டாமலே போனவனா? சாகமுதல் எனக்கு அது தெரியவேண்டும்" என்றார். தாலி என்று மனுசி சொல்லவில்லை. கிறிஸ்துநாயகத்தின் காதில் அப்படித்தான் விழுந்தது. எடின்பரோப் பதிவுக் கந்தோருக்கு எழுதிக் கேட்கலாம்தான். ஆனால் தேடுவதற்கு ஒரு காசு, பிரதிக்கு இன்னொரு காசு. பென்ஷன் காஸ் பில்லுக்கே காணாது.

அன்றிரவு கிறிஸ்துநாயகம் இதைத் தன் அறைத்தோழன் ஞானரட்ணத்திடம் சொன்னார். ஞானரட்ணம் தெற்குக் கென்சிங்டனில் ஒரு குடும்ப வரலாற்று நூலகத்தில் கிளீனிங் வேலை செய்கிறவன்.

"அட, இதுக்கே தலையைப் பிய்க்கிறியள்? எங்கட இடத்தில ஸ்கொட்லாந்துக் கோயில் பதிவுப் புத்தகமெல்லாம் படம் பிடிச்சுச் சுருளாக் கிடக்கு அண்ணை. மெசினில போட்டுச் சும்மாவே பாக்கலாம். கொப்பி எடுத்தால்தான் ஏதோ சில்லறை. சனிக்கிழமை வாங்கோ, நான் காட்டிறன்."

சனிக்கிழமை போனார். முதலில் பெயர்ப் பட்டியல். உள்ளங்கையளவு பிலிம் தாளில் எறும்பு எழுத்து. ஒரு மணித்தியாலத்தில் அகப்பட்டுவிட்டது. ஜேம்ஸ், எல்ஸ்பெத், 1838, திருமணம். மனுசனுக்குத் தலைகால் தெரியவில்லை. திங்கட்கிழமை கதவு திறக்கமுதலே, "கட்டினவன்! கட்டினவன்!" என்று கத்தினார்.

மிஸிஸ் ரெனி கதிரையில் இருந்து அழுதார். "அப்படியென்றால் அவன் கடலில்தான் செத்திருக்கிறான். கடலில் போன பாவியையா நூற்றைம்பது வருடமாய்த் திட்டினோம்?" பிறகு, மூலப் புத்தகத்தின் கொப்பி ஒன்று வேண்டும், சட்டம் போட்டு வைக்கப்போகிறேன் என்றார்.

அடுத்த சனி, சுருளை மெசினில் மாட்டி, அந்தப் பக்கத்துக்கு உருட்டினார். கோழி கிளறின மாதிரி எழுத்து. ஒவ்வொரு சொல்லாய்ப் பிடித்து வாசித்தபோதுதான் விளங்கியது, இது கலியாணப் பதிவில்லை, ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் நடக்க இருக்கிறது, தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்களே, அந்த ஓலை. பட்டியல் போட்டவர்கள் அதையும் திருமணத்தோடு சேர்த்துவிட்டார்கள். ஓரத்தில் வேறு மையில், தெளிவான எழுத்தில் ஒரு குறிப்பு. மாப்பிள்ளை வரவில்லை, மணம் நடக்கவில்லை.

ஓலை வேறு, கலியாணம் வேறு என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் கிறிஸ்துநாயகத்துக்குத் தெரியவேண்டாமா?

1984இல், மன்னாரில் பேசாலைக் கோயிலில் அவருக்கும் பெர்னடெற்றுக்கும் மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்க, "கொழும்புக்குப் போட்டு வாறன்" என்று வெளிக்கிட்டவர்தான். இராணுவம் பெடியன்களைப் பிடித்துக்கொண்டு போகிற காலம். கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஏஜென்ற் அகப்பட்டான், லண்டனில் வந்து இறங்கினார். முதல் வருடம், கடிதம் போடாதே என்று ஏஜென்ற் காட்டின பயம். அடுத்த வருடம் குரோய்டனில் அகதிக் கேஸ். மூன்றாம் வருடம் வெட்கம். அதற்குப் பிறகு வெட்கத்துக்கே வெட்கம். தாய் தகப்பன் இல்லை, ஒரே அக்காவும் வள்ளத்தில் இந்தியாவுக்குப் போய்விட்டா. ஊரில் போய்க் கேட்டுச் சொல்ல ஆளில்லை என்பதும் அவருக்கு ஒரு வசதியாய்ப் போயிற்று. ஓலை வாசித்த பெட்டையை இனி யார் கட்டுவான் என்று நினைத்துப் படுக்கையில் புரளுவார். விடிந்தால் சாப்பாட்டு வான்.

மெசினின் சட்டத்தைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் ஓரம் வெட்டுப்பட்டுவிடும். நகர்த்தினார். கொப்பி எடுத்தார். மிச்சக் கோழிக்கிளறலை மனுசி வாசிக்கப்போவதில்லை.

மிஸிஸ் ரெனி அதைச் சட்டம் போட்டுக் கணப்புக்கு மேலே வைத்தார். சாப்பாட்டோடு போகிற ஒவ்வொரு நாளும், "பாவம் ஜேம்ஸ்" என்பார். கிறிஸ்துநாயகம் தட்டை வைத்துவிட்டுக் கள்ளன் போல வெளியே வருவார். கிழவியின் சந்தோசத்துக்காகத்தானே செய்தேன் என்று மனதுக்குச் சொல்லிப் பார்த்தார். மனம் கேட்கவில்லை. தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றார். முறை வர, வரிசையை விட்டு விலகி வெளியே வந்துவிட்டார். சுவாமியாரிடம் என்னவென்று சொல்வது? மன்னிப்புக் கேட்காமலே ஓடிப்போனவனுக்கு மன்னிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்றா? கிழவிக்காக இல்லையடா, உனக்காகச் செய்தாய் என்று அவருக்கே விளங்கிவிட்டது.

பெரிய வெள்ளிக்கு முந்தின திங்கட்கிழமை முழுக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போனார். மிஸிஸ் ரெனி கண்ணாடியைப் போட்டு ஓரத்தை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இதை ஏன் மறைத்தாய்?"

கிறிஸ்துநாயகம் சொன்னார். பேசாலை, மூன்று ஞாயிறு, ஒன்பது நாள், எல்லாவற்றையும் நின்ற நிலையில் உடைந்த இங்கிலீசில் சொன்னார். ஏழாவது வருடத்தில் முதன்முதலாக வாய்விட்டு அழுதார்.

மனுசி தேற்றவில்லை. "அந்தப் பெண் உயிரோடு இருக்கிறாளா?"

"தெரியாது."

"தெரியாதா?" தட்டைத் தள்ளிவிட்டார். "எல்ஸ்பெத்துக்கு ஒரு வரி வந்திருந்தால் காணும். ஒரே ஒரு வரி! கடிதம் போட்டபிறகு வா. அதுவரை உன் சாப்பாடு எனக்கு வேண்டாம்."

கோபக்காரி. இரண்டு நாள் உண்மையாகவே கதவு திறக்கவில்லை. மூன்றாம் நாள், பேசாலைச் சுவாமியின் பேருக்குப் போட்ட கடிதத்தின் தபாற்கந்தோர் றெஜிஸ்டர் துண்டைக் கடிதப் பெட்டித் துவாரத்தால் உள்ளே நீட்டிய பிறகுதான் திறந்தார்.

பதில் வர ஐந்து மாதம் பிடித்தது. செப்டம்பரில் ஒரு நாள் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது வந்தது. உடைக்கத் துணிவில்லை. பையில் வைத்துக்கொண்டே முப்பத்தொரு வீடு போனார். மிஸிஸ் ரெனியின் வாசலில் வானை நிறுத்திவிட்டு, உள்ளேயே இருந்து உடைத்தார். பெர்னடெற்றின் கையெழுத்து.

"சுவாமி உங்கட கடிதத்தைத் தந்தபோது விழுந்து போனன். எனக்கு எண்பத்தேழில கலியாணம் முடிஞ்சுது. அவர் நல்லவர். இரண்டு பிள்ளையள். கொழும்பு போற வழியில உங்களைப் பிடிச்சுச் சுட்டுப்போட்டாங்கள் எண்டுதான் ஊரில எல்லாரும் சொன்னவை. நானும் நம்பினன். உயிரோட இருந்தால் ஒரு வரி எழுதாமல் இருப்பியளே எண்டு நானே எல்லாருக்கும் சொன்னன். ஆறு வருசமா, செத்தவையளுக்கான ஆத்துமாக்கள் திருநாளுக்கு உங்கட பேரில பூசை குடுத்து, மெழுகுதிரி கொளுத்தி அழுதனான். என்ர அவரும் பக்கத்தில நிண்டவர். இந்த வருசமும் பேர் குடுத்தாச்சு. அதை வெட்டச் சொல்லிக் கேக்க எனக்கு வாய் வரேல்லை. நீங்களே சுவாமிக்கு எழுதி, உங்கட பேரை எடுக்கச் சொல்லுங்கோ."

மிஸிஸ் ரெனி வெளியே வந்து வான் கண்ணாடியைத் தட்டும்வரை அவர் இறங்கவில்லை. அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.