இரண்டு விரற்கடை ஆழம்

எங்கள் கோதுமை ஆராய்ச்சிப் பண்ணையில் என் அண்ணிக்கு ‘ஸ்கேல்’ என்று பட்டப்பெயர். பத்தொன்பது வருடமாகப் பயிரின் உயரத்தை அளப்பதுதான் அவருக்கு வேலை. மண்ணிலிருந்து கதிர் நுனிவரை அளக்க வேண்டும். அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மீசை கணக்கில் சேராது.

"மீசையை வெச்சு ஆளை அளக்கக் கூடாது, தம்பி" என்பார். எனக்கு மீசை பெரிது. அதே பண்ணையில் நான் டிராக்டர் ஓட்டுகிறேன்.

அந்த வருடம் ஒரு புதுக் குட்டை ரகத்துக்குக் கடைசிப் பரீட்சை. நெட்டைக் கோதுமை கதிர் கனத்தால் காற்றில் படுத்துவிடும். இதிலோ ஒரு மரபணு தண்டை நீளவிடாது. எவ்வளவு கனத்தாலும் பயிர் நிமிர்ந்து நிற்கும். தலைமுறை தலைமுறையாக அளந்து அளந்து அண்ணி பொறுக்கி எடுத்த ரகம் அது. வயிற்றில் சுமக்காததுதான் குறை.

விதைத்துப் பன்னிரண்டாம் நாள் பார்த்தால் பாத்தியில் பாதி சொட்டை.

"விதையே சரியில்ல. நாளைக்கு ரகத் தேர்வுக் குழு வருது, ரகத்தைத் தள்ளிடலாம்" என்றார் இயக்குநர்.

அவர் போனதும் அண்ணி குந்தி உட்கார்ந்து விரலால் மண்ணைக் கிளறினார். உள்ளே முளைகள் உயிரோடு சுருண்டு கிடந்தன. மேல்மண் காய்ந்திருக்கிறதே என்று, நெட்டை ரகத்துக்குச் செய்வதுபோல விதைப்புக் கருவியை நாலு விரற்கடைக்கு இறக்கியவன் நான்தான். தண்டைக் குட்டையாக்கும் அதே மரபணு முளையின் உறையையும் குட்டையாக்கிவிடும். அவ்வளவு ஆழத்திலிருந்து மண்ணுக்கு மேலே வர அதற்கு எட்டாது. யாரையும் கேட்காத திமிர் எனக்கு.

"நான் சொன்னா புகாராயிடும். நீங்களே சொல்லிடுங்க, தம்பி."

"என் வேலைக்கே உலை வெச்சிடுவாங்க, அண்ணி."

"வெச்சா உங்களுக்காக நான் வந்து பேசறேன். இந்தப் பயிருக்காகப் பேச யாரு இருக்கா?"

மறுநாள் குழுவின் முன்னால் சொல்லிவிட்டேன். எனக்கு ஒரு மெமோ கிடைத்தது, பயிருக்கு மறுவிதைப்பு. இந்தமுறை இரண்டு விரற்கடைதான். ஒன்று விடாமல் முளைத்தது. அறுவடைக்கு முன் அடித்த காற்றில் பக்கத்து நெட்டைப் பயிர் பாயாகப் படுத்தது. எங்களுடையது அசையவில்லை.

ரகம் தேறியது. விதை மூட்டையோடு போகும் குறிப்புச் சீட்டை அண்ணிதான் எழுதினார்: ‘விதைப்பு ஆழம் இரண்டு விரற்கடை. மிஞ்சக் கூடாது. கண்டறிந்தவர்: டிராக்டர் ஓட்டுநர்.’

"கண்டுபிடிச்சது நீங்கதானே, அண்ணி?"

"அத்தனை பேர் முன்னாடி சொன்னது யாரு?" என்று கேட்டுவிட்டு, ஸ்கேலைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனார்.

மீசையைத் துடைக்கிற சாக்கில் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.