ஆஸ்பத்திரித் துணைக்கு நான்தான் கிடைத்தேனா?

போன மாசம் பிரபு போன் பண்ணினான். என் அக்கா மகன். படாளத்தில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன்.

"சித்தி, அப்பாவுக்கு செங்கல்பட்டுல புராஸ்டேட் ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை அட்மிட். அம்மாவுக்கு முட்டி வலி, அவங்களால முடியாது. நீ கூட இருந்துக்கோ. ரெண்டு மூணு செட் துணி எடுத்துகினு வந்துடு."

கவனித்தீர்களா? 'வர முடியுமா' இல்லை. 'வந்துடு'!

"ஏன்டா, நீ இன்னா பண்ணப் போறே?"

"எனக்கு மீட்டிங் கீது சித்தி. நீ ரிட்டயர்டு, சும்மாதானே கீறே? அதுவும் நர்ஸு வேற!"

சும்மா... இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சர்வீஸ் முழுக்க நைட் டூட்டி பார்த்தவள் நான். பாதி பொங்கலும் தீபாவளியும் வார்டில்தான் போயின. இப்போது வேலை முடிந்துவிட்டது. அதனால் நான் ஊருக்கே பொதுச்சொத்தா?

பிரபுவின் அப்பா, அதாவது என் மாமாவும் ரிட்டயர் ஆனவர்தான். அவரை யாராவது எந்த ஆஸ்பத்திரிக்காவது துணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களா? பேப்பரும் காபியும் உட்கார்ந்த இடத்துக்கு வந்தன. ஆம்பளை ரிட்டயர் ஆனால் ஓய்வு. பொம்பளை ரிட்டயர் ஆனால் ஆள் ஃப்ரீ... யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம்!

எனக்கு என்று வாரத்தில் இருப்பது ஒரே ஒரு புதன்கிழமை. அன்று காலை பஸ் பிடித்து, திருக்கழுக்குன்றம் வழியாகப் புதுப்பட்டினம் போவேன். கூட வேலை பார்த்த ஸ்டெல்லா அங்கே இருக்கிறாள். இரண்டு பேரும் முழங்கால் வரை கடலில் நிற்போம். மாமல்லபுரம் போனால் செல்ஃபிக்காரர்கள் இடித்துத் தள்ளுவார்கள். இங்கே தொல்லையில்லை. அப்புறம் மீன் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, கதை பேசி, சாயந்திரம் திரும்புவேன். அவ்வளவுதான். இதுகூட ஆகாதா?

ஒரு புதனை விட்டால் எல்லாப் புதனும் போய்விடும். இன்னொரு தோழி கமலா அப்படித்தான் 'இந்த வாரம் மட்டும்' என்று பேரனைப் பார்த்துக்கொண்டாள். இன்று ஸ்கூல் வேன் வரும் நேரம்தான் அவளுடைய நேரம். போன் பண்ணினாலும், "வேன் வந்துடுச்சுடி" என்று வைத்துவிடுகிறாள்.

மாமா நல்ல மனுஷர். அதனால் செவ்வாய்க்கிழமை போனேன். புதன் காலை கிளம்பிவிடுவேன் என்று முதலிலேயே சொன்னேன். யார் காதில் விழுந்தது?

அன்றைக்கே ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதன் காலை பிரபு இட்லிப் பொட்டலத்தோடு வந்தான். வைத்த கையோடு கிளம்பப் பார்த்தான்.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அடுத்து வருகிறவளைக் கட்டில் பக்கம் நிறுத்தி, நோயாளியை ஒப்படைக்க வேண்டும். அவள் 'சரி' என்ற பிறகுதான் வாசலைத் தாண்டலாம்.

"கையைக் கழுவிட்டு வாடா. டூட்டி ஒப்படைக்கணும்."

"இன்னா டூட்டி?"

"இது யூரின் பை. ரொம்பறதுக்குள்ள இங்க தொறந்து காலி பண்ணு. ரொம்ப சிவப்பா வந்தாலோ, வராம நின்னுட்டாலோ உடனே சிஸ்டரைக் கூப்பிடு."

"ஐயே... சித்தி, எனக்குக் கொமட்டுது!"

"நீ இவரு மடியிலேயே எத்தினி வாட்டி போயிருக்கே! அவருக்குக் கொமட்டலையே?"

கட்டிலில் இருந்த மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதம்மா, வலிக்குது."

"அப்ப மீட்டிங்கு?"

"லேப்டாப்பை இங்கியே வச்சிப் பேசு. உங்கப்பா ஒண்ணும் குறுக்க பேச மாட்டாரு. சரின்னு சொல்லு, நான் போவணும்."

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு 'சரி' என்றான். நான் பஸ் ஏறினேன்.

அன்றைக்குக் கடலில் நிற்கும்போது பிரபு இரண்டு தடவை கூப்பிட்டான். "டூட்டி சிஸ்டரைக் கேளு" என்று வைத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, உண்மைதான். ஆனாலும் வைத்தேன். மத்தியானம் மாமாவே கூப்பிட்டார். "பையன் எனக்கு ஷேவிங் பண்ணி வுட்டான்மா. கன்னமெல்லாம் எரியுது." குரலில் அப்படியொரு பெருமை!

அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என்னைப் பிரித்து மேய்ந்திருந்தார்கள். 'பெத்த புள்ளையா இருந்தா வுட்டுட்டுப் போவாளா' என்று ஒருத்தி. பெத்த பிள்ளைதானே அங்கே உட்கார்ந்திருக்கிறான்! அக்கா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

நேற்றுதான் போன் பண்ணினாள்.

"எனக்கு முட்டி ஆபரேஷன் பண்ணணுமாம்டி. புதன்கிழமை வேணவே வேணாம், என் தங்கச்சிக்கு ஆவாதுன்னு டாக்டராண்ட கண்டிசனா சொல்லிட்டேன். வியாழக்கிழமைல இருந்து நீ ஃப்ரீதானே?"

போனை வைத்ததும் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமை என்னடி பண்றே? கடலுக்குப் போலாமா?"