ஓரத்தில் கிடந்த மங்கல் விண்மீன்

வெம்பிளித் தமிழருக்குள் அஜித்தாவின் வேலை என்னவென்று தெரிந்தவர் எவருமில்லை. அதைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவரும் எவருமில்லை. ஜேர்மனியிலிருந்து வந்து கடை போட்ட அவளுடைய அண்ணன் பிரதாபன், "எங்கடை பிள்ளை வானம் பாக்கிறாள்" என்பார், வேலைவெட்டி இல்லாதவளைச் சொல்வதுபோல.

அவள் பல்கலைக்கழகமொன்றில் ஒப்பந்த ஆய்வாளர். சில நியூட்ரான் விண்மீன்கள் பக்கத்து விண்மீனின் வாயுவை இழுத்து விழுங்கி, சில வாரங்கள் எக்ஸ்ரேயில் துடித்துவிட்டு அடங்கிவிடும். அந்தப் பக்கத்து விண்மீன் எதுவென்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. இடையில் தூசு மறைப்பதால் அகச்சிவப்பில்தான் தேடவேண்டும்.

அந்த வசந்தத்தில் அப்படியொரு நியூட்ரான் விண்மீன் விழித்தது. துடிப்பு இதற்குள்தான் என்று எக்ஸ்ரே செய்மதி காட்டிய சிறு வட்டத்துக்குள் நான்கு விண்மீன்கள். அவளுடைய குழுவை நடத்திய பேராசிரியர் வின்ட்ரப் நாற்காலியில் உட்காருமுன்பே பிரகாசமானதைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதான். எழுதிவிடு."

"அடங்கட்டும். பிறகு இன்னொரு படம் எடுப்போம். உண்மையான பக்கத்து விண்மீன் என்றால், எக்ஸ்ரே சூடு போனதும் அதன் ஒளியும் குறைந்திருக்கும்."

"அதற்குள் வேறு யாராவது அறிவித்துவிடுவார்கள். உன் ஒப்பந்தம் கோடையோடு முடிகிறது, தெரியுமல்லவா?"

தெரியும். வீட்டிலும் தெரியும். பிரதாபன் அவளுடைய சாதகத்தோடு வால்தம்ஸ்டோவிலிருந்த சாத்திரியாரிடம் ஓடினார்.

"ஏழரைச் சனியாம், பிள்ளை. மேலிடத்தோடை கொளுவிச் சண்டைக்குப் போகாதையாம். கட்டுரையிலை உன்ரை பேரைப் போட்டால் என்ன குறைஞ்சு போகும்?"

"சனியை நான் தொலைநோக்கியிலை பாத்திருக்கிறன், அண்ணை. அதுக்கு என்ரை வேலையைப் பற்றி ஒண்டும் தெரியாது."

அவள் கட்டுரையிலிருந்து தன் பெயரை நீக்கிவிட்டாள். கட்டுரை வெளிவந்தது, கைதட்டலும் வந்தது.

துடிப்பு அடங்கிய பின், தொலைநோக்கியில் தனக்கென ஒதுக்கியிருந்த நேரத்தில் இரண்டாவது படத்தை எடுத்தாள். பிரகாசமான விண்மீனில் ஒரு மாற்றமுமில்லை. வட்டத்தின் ஓரத்தில் எவரும் திரும்பிப் பாராமல் கிடந்த விண்மீன்தான் பாதியாய் மங்கியிருந்தது.

வின்ட்ரப் கூசவில்லை. "எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒரு சந்தேகம்" என்றார். படத்தை வாங்கித் திருத்தக் கட்டுரை எழுதினார். ஒப்பந்தத்தை மட்டும் நீடிக்கவில்லை. குழுவோடு ஒத்துப்போகாதவளாம்.

பிரதாபன் வெற்றியோடு வந்தார். "பாத்தியா? சாத்திரியார் சொன்னமாதிரியே வேலை போச்சு. நீ நம்பேல்லை!"

"ஓம், அண்ணை" என்றாள் அஜித்தா. "அவரையும் எங்கடை பல்கலைக்கழகத்திலை சேத்துவிடுங்கோ. முதலிலை முடிவைச் சொல்லிப்போட்டுப் பிறகு வானத்தைப் பாக்கிற ஆக்களுக்கு அங்கை நிரந்தர வேலை இருக்கு."